சாயங்காலப் பால்

"மாடே இல்லாதவ தெனமும் பால் சென்டர்ல பால் ஊத்தறா. அது இன்னா மேடம், கொழாயைத் தொறந்தா பால் வருதா?"

தணிகாசலம் கேட்டதும் ஊர் ஆபீசான சச்சிவாலயத்து வாசல்ல நின்ன கூட்டம் கொல்லுனு சிரிச்சிது. வேர்க்கடலை, நெல்லுனு நல்லா பயிர் வெக்கற மனுசன்தான். ஆனா அடுத்தவங்க தட்டுல இன்னா கீதுன்னு பாக்கலன்னா அவருக்குச் சோறு எறங்காது.

சுந்தரம்மா தலை குனிஞ்சி நின்னுக்கினு இருந்தா. புருஷன் முனிசாமி செத்ததுல இருந்து கூலி வேலைதான். இப்ப முட்டி தேஞ்சிபோயி, உக்காந்து களை எடுக்க முடியல. விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டா. 'வேற வருமானம் கீது'ன்னு தள்ளிட்டாங்க. அதுக்கு அப்பீல் பண்ணி, இன்னிக்கு விசாரணை. இதுவும் போச்சுன்னா அடுப்பு எரியறதே கஷ்டம்.

விசாரிக்கத் திருப்பதியில இருந்து வந்திருந்த ஆபீசர் மோகனப்ரியா மேடம் பொறுமையானவங்க. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாங்க.

"செப்பண்டி அம்மா, சொல்லுங்க. பால் சென்டர்ல உங்க பேர் இருக்குது. உங்க பேங்க்ல பணம் விழுது. மாடு யாருது?"

"என்னுது இல்லீங்க மேடம்."

"அப்போ பால்?"

"அதுவும் என்னுது இல்லீங்க."

"மரி எவரிதி? யாருதும்மா?"

சுந்தரம்மா இன்னும் கீழ குனிஞ்சி தரையையே பாத்தா.

"பாத்தீங்களா மேடம்? ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூட வரல!" தணிகாசலத்துக்கு ஒரே குஷி.

வாயில இன்னா கொழுக்கட்டையான்னு நமக்கே கேக்கத் தோணும். ஆனா அவ எப்படிச் சொல்லுவா?

மாடு எதிர் ஊட்டு வள்ளியோடது. காலையில கறக்கற பாலை வள்ளி தன் பேருலயே சென்டர்ல ஊத்துவா. அந்தக் காசு கைக்கு வந்த அன்னிக்கே புருஷன் சிரஞ்சீவி புடுங்கிக்கினு ஒயின் ஷாப்புக்குப் போயிடுவான். அதனால சாயங்காலப் பாலை முந்தானையில மறைச்சிக்கினு வந்து சுந்தரம்மா கிட்ட குடுத்துடுவா. அது சுந்தரம்மா பேருல சென்டருக்குப் போவும். அந்தக் காசுலதான் வள்ளி மவ பிரியங்கா திருப்பதியில நர்சிங் படிக்கிறா. அப்பங்காரன் கிட்ட மட்டும், எல்லாம் கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லி வெச்சிருக்காங்க.

சுந்தரம்மா அதுல ஒரு பைசா தொட்டதில்ல. அவ ஊட்டு டீக்குக் கூட கடைப் பாக்கெட்டுதான்.

இப்ப உண்மையைச் சொன்னா பென்ஷன் கெடைக்கும். பிரியங்கா படிப்பு போயிடும். ஏன்னா, அங்கயே தூண்ல சாஞ்சிக்கினு செவந்த கண்ணோட நின்னுக்கினு இருந்தான் சிரஞ்சீவி.

கூட்டத்துல வள்ளியும் நின்னுக்கினு இருந்தா. மனசு கேக்காம வாயைத் தொறக்கப் போனவளைச் சுந்தரம்மா கண்ணாலயே அடக்கினா.

"மேடம், எனுக்குப் பென்ஷன் வேணாங்க. நான் போறேன்."

"அய்யோ, அட்லா காதம்மா, அப்படி இல்ல! காரணம் சொல்லாம போனா, அப்பீலைத் தள்ளுபடின்னுதான் எழுதணும்."

"பரவால்லீங்க, எழுதிக்கோங்க."

முட்டியைப் புடிச்சிக்கினு படி எறங்கினா. அப்ப சிரஞ்சீவி தூணை விட்டுட்டு முன்னால வந்தான்.

"வந்துட்டான்யா, நாட்டாமை!"ன்னார் தணிகாசலம்.

"நீ சும்மா இரு மாமா"ன்னவன், மேடத்தைப் பாத்துக் கும்பிட்டான். "மேடம், மாடு எங்குளுது. பாலு என் பொண்டாட்டி கறக்கறது. அந்தக் காசுலதான் என் பொண்ணு படிக்குது. இந்த அக்கா பேரை மட்டும்தான் குடுத்துச்சி. எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

தணிகாசலம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு வேற பக்கம் பாத்தார்.

"இனிமே அந்தப் பாலை எம்மவ பேருலயே ஊத்தட்டும். காசு அவ பேங்க்குக்கே போவட்டும். என் கைக்கு மட்டும் வர வேணாம் மேடம்."

மேடம் அவன் சொன்னதை எழுதிக்கினு, பால் சென்டருக்கும் போன் போட்டு விசாரிச்சாங்க. அப்புறம் சுந்தரம்மா கையைப் புடிச்சிக்கினாங்க.

"வருமானம் உங்களுது இல்லன்னு எழுதிட்டேன். பென்ஷன் வரும்மா. பயப்படாதீங்க."

சுந்தரம்மாவுக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. "நீ நல்லா இருக்கணும் சிரஞ்சீவி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா.

"அய்யய்யோ, நீ எதுக்குக்கா கும்பிடறே? நான்தான் உன் கால்ல விழணும்."

வள்ளி கூட்டத்தை வெலக்கிக்கினு புருஷன் கிட்ட வந்து கேட்டா.

"உனுக்கு எப்பய்யா தெரிஞ்சிச்சி?"

"காலையில பொங்கப் பொங்கக் கறக்கற மாடு, சாயங்காலம் மட்டும் ஒதைக்குது, கறக்கலன்னு சொன்னே பாரு, அன்னிக்கேதான். மாடு மேய்ச்சி வளந்தவன்டி நான்."

"அப்பவே தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

சிரஞ்சீவி தலையைத் தொங்கப் போட்டுக்கினான்.

"கேட்டிருந்தா அதையும் புடுங்கிக் குடிச்சிருப்பேன்டி. அதான், நீ சாயங்காலம் செம்பை எடுக்கும்போதே நான் ஊட்டை விட்டுப் போயிடுவேன்."