பெருமாளுக்கு வாரிசு

கேட்டால் அண்ணன் சிரிப்பான், கேட்காமல் எடுத்தால் திருட்டு என்பான். சூட்கேஸை மூடிவிட்டு வேணி பூஜை அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுநாள். உத்தர வீதி வீடு, துபாயிலிருந்து வந்திருந்த அண்ணன் அரவிந்தன் பேருக்கு. சாயங்காலத்துக்குள் அவள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும்.

“பெட்டிய ஒருவாட்டி திற,” என்றாள் மன்னி, அரவிந்தனின் மனைவி. “தப்பா நெனச்சுக்காதே. வெள்ளிச் சாமான் ஏதாவது தெரியாம கலந்திருக்கும்.”

திறந்தாள். நாலு புடவை, அப்பாவின் பழைய ஸ்வெட்டர். மன்னி ஸ்வெட்டரையும் உதறிப் பார்த்தாள்.

“வீடு, வெள்ளி எதுவும் வேண்டாம் அண்ணா. அந்தச் சாளக்கிராமத்த மட்டும் எங்கிட்ட குடுத்துடு.”

அரவிந்தன் சிரித்தான். “தலைமுறை தலைமுறையா பிள்ளைகள் கைக்கு வந்த பெருமாள். பொம்மனாட்டிகள் தொடப்படாதுன்னு உனக்குத் தெரியாதா? இந்த வீட்ல உன்னோடதுன்னு என்ன இருக்கு, சொல்லு.”

அவள் சூட்கேஸை மறுபடி மூடினாள். அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியபின், கதவைச் சாத்திக்கொண்டு தினமும் திருமஞ்சனம் செய்தது யார் என்பது அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அந்தக் கறுப்புக் கல்லின் சக்கரக் கோடுகள் அவள் விரல் நுனிக்கு மனப்பாடம். அதற்கெல்லாம் பத்திரம் கிடையாது.

ஆட்டோ வந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே மன்னியின் குரல் எழும்பியது.

“தெனம் மடியா குளிச்சு, தளிகை பண்ணி, பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணணும். ஒரு நாள் விட்டாலும் குடும்பத்துக்கு ஆகாதுன்னு காரியம் பண்ணி வெச்ச வாத்தியார் சொல்றார். துபாய்ல ஆபீஸுக்குப் போவேளா, இதப் பண்ணுவேளா? எங்கிட்டத் தள்ளிடலாம்னு மட்டும் நெனக்காதீங்கோ.”

அப்புறம் பேச்சு தணிந்தது. பெருமாள் இருக்கும் வெள்ளிப் பெட்டியின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அரவிந்தன் வேகமாக வெளியே வந்தான். கையில் ஒரு பழைய துண்டு, முடிச்சாக.

“இந்தா, நீதானே கேட்டே. நானே குடுக்கறேன், எடுத்துண்டு போ.”

நானே குடுக்கறேன். வாங்கிக்கொண்டால் இது இதுநாள்வரை அவனுடையதாக இருந்தது என்றாகிவிடும். தங்கைக்குப் பெருமாளையே கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

முடிச்சின் இடுக்கில் கறுப்பு விளிம்பு தெரிந்தது. நாளைக் காலை யார் பால் வைப்பார்கள்? தாமாக நீண்ட விரல்களை மடக்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

“வாங்கிக்கோயேன். என்ன பாக்கறே?”

“நான் தொடப்படாதே, அண்ணா.”