நீல வேனின் கீறல்கள்

"பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழ இருக்கிற கீறல் இன்னும் ஒரு நூல் நீளமா இருக்கணும்க்கா" என்றார் தபால்காரர். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லாமல் விடவில்லை.

குட்டி மாடல் வண்டிகள் செய்கிறவள் உள்ளங்கையிலிருந்த நீல வேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத வண்டி. இதற்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று.

"மேலாப்ல வரைஞ்சு நீட்டிவிட முடியாது சார். முதல்ல துரு கலர் அடிச்சு, கீறல் வர்ற இடத்துல மட்டும் இந்த மாஸ்கிங் லிக்விடைத் தொட்டு வைக்கணும். அதுக்கு மேல நீலம். காஞ்சதும் உரிச்சா அடியில இருக்கிற துரு கீறலாத் தெரியும். ஒண்ணை மாத்தணும்னா மறுபடி முதல்லேருந்து வரணும்."

"சிரமம்தான்க்கா" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. காலையிலிருந்து ஒரு கம்பெனிக்காக முப்பது குட்டி லாரிகளின் கண்ணாடிகளைப் பெயின்ட் படாதபடி ஒவ்வொன்றாக மறைத்ததில் கண் பூத்துப்போயிருந்தது. வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லாமல், "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றாள்.

அவருடைய சைக்கிள் தெரு திரும்பும் வரை காத்திருந்து, டீயோடு உள்ளேயிருந்து வந்தான் கணவன். "கட்டின பொண்டாட்டிக்கு எந்தக் கன்னத்துல மச்சம்னு கேட்டா அந்த ஆள் முழிப்பான். வித்துட்ட வண்டியில கீறல் எத்தனை நூல்னு சொல்றான் பாரு."

"முதல் வண்டியா இருக்கும். விடுங்க."

அவளிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். விற்ற கார், உடைத்துப் போட்ட பஸ், வேலை பார்த்த கப்பல் என்று எதையாவது குட்டியாக்கி அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். தபால்காரரிடமும் முதல் நாளே, "ரொம்பப் பிடிச்ச வண்டியா சார்?" என்று கேட்டிருந்தாள். "மறக்க முடியாத வண்டிதான்க்கா" என்றார். தபால் வேலைக்கு வருவதற்கு முன் வேன் ஓட்டியிருப்பார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை பழைய பெயின்டை வழித்து எடுத்துவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த தாளை விரித்தாள். வலது பின்விளக்கில் பாதி உடைசல். பின்கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். இடது சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கும் ரப்பர் இல்லை. நம்பர் பலகை முழுக்கச் சேறு.

முன்பக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போன வாரமே அதைக் கேட்டிருந்தாள். "அது உங்க இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டார். பாதி வேலை மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

துரு நிறம் காய்ந்ததும், பால் போலிருந்த அந்த மாஸ்கிங் திரவத்தின் மூடியைத் திறந்தாள். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்காமல் நேராக அதில் விட்டுவிட்டாள். நிமிஷத்தில் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு பிரஷ் வீணாயிற்று. அலுப்பில் கோபம்கூட வரவில்லை. பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுத் தொட்டுக் கீறலை இழுத்தாள். ஒரு நூல் கூடுதலாக.

நீலம் காய்ந்த பிறகு விரல் நுனியால் மெல்லத் தேய்க்க, அடியில் காய்ந்திருந்த திரவம் பாலாடை போலச் சுருண்டு வந்தது. ரொம்ப நேரம் விட்டால் நீலத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை.

சாயங்காலம் தபால்காரர் காக்கி உடுப்போடு வேலையிலிருந்து நேராக வந்தார். வேனைக் கையில் எடுக்கவில்லை. மேஜைக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, மேஜை விளிம்பு மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் தள்ளி விடுங்கக்கா. என்கிட்டேருந்து அந்தப் பக்கமா."

அவள் ஒரு விரலால் தள்ளினாள். வேன் மேஜையின் மறுகோடி வரை உருண்டு போய் நின்றது. அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதேதான்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பஞ்சு வைத்த பெட்டியில் வேனைப் படுக்கவைத்தாள். "அசல் வண்டி இப்ப யார்கிட்ட சார் இருக்கு?"

"அதுதான் தெரியலக்கா. வாயால சொன்னா யாருக்கும் மனசுல நிக்க மாட்டேங்குது. இனிமே ஒவ்வொரு மெக்கானிக் கடையா இதைக் கொண்டுபோய்க் காட்டிக் கேக்கணும்."

இப்படியும் ஒரு ஆசையா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் அன்றுதான் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "கிடைச்சா திரும்ப வாங்கிடுவீங்களா சார்?"

அவர் பெட்டியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் பொண்ணை அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போன வண்டிதான்க்கா இது."