மூன்று மார்க்

"பொய் சொல்றீங்க மாமா."

ரலிட்சா பேனாவை மேசையில் அடித்து வைத்தாள். மருந்துத் தட்டோடு நின்ற எனக்கே திக்கென்றது.

ப்ளோவ்திவ் நகரத்து மனநல ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் நோயாளியோடு மல்லுக்கு நிற்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரலிட்சா முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். மன அழுத்தம் வந்தவர்களுக்குத் தலையில் காந்தத் துடிப்பு கொடுத்தால் மூளை தெளியுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. வாரா வாரம் கேள்வி கேட்டு மார்க் போடுவாள். மார்க் இறங்கினால் நோய் இறங்குகிறது.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற இந்த நெதியால்கோ இருபத்திநாலு மார்க்கில் ஆரம்பித்தவர். மூன்றாவது வாரத்திலிருந்து மளமளவென்று இறங்கி, கடைசி வாரமான அன்றைக்கு வெறும் மூன்று.

"மறுபடி கேக்கறேன். தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"சாப்பாடு?"

"ரெண்டு தட்டு பீன்ஸ் சூப்."

"செத்துடலாம்னு நெனப்பு?"

"அதுக்கெல்லாம் எனக்கு ஏது பாப்பா நேரம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரே நல்லாயிருக்கேங்கிறார், உனக்கு எங்க வலிக்குது? மூணுன்னே வெச்சு மூடு. திங்கட்கிழமை எல்லாத்தையும் ஒப்படைக்கணும்ல?"

என்னை அவள் சட்டையே செய்யவில்லை.

"எடை மெஷின்ல ஏறுங்க மாமா."

"அது எதுக்கு இப்ப?"

"ஏறுங்க."

கோட்டைக் கழற்றிவிட்டு ஏறினார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ போயிருந்தது.

ரலிட்சா பேனாவை எடுத்தாள். எழுதியிருந்த மூன்றை அடித்தாள்.

"தோன்கா அக்கா, வார்டுக்கு போன் போடுங்க. இன்னிக்கே படுக்கை வேணும். ஒரு நிமிஷம்கூட இவரைத் தனியா விடக்கூடாது. ஆராய்ச்சியிலேர்ந்து இவர் பேரை எடுத்துடறேன்."

"எடுத்தா உன் ஆராய்ச்சி தேறுமாடி?"

"தேறாது. பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"போன் போடுங்கக்கா."

முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். நல்ல வேளை, படுக்கை இருந்தது.

ரலிட்சா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் மாமா மறைச்சீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கிழவர் தன் செருப்பைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"மூணாவது வாரம் உங்க புரொபசர் உன்னை வராந்தாவுல வெச்சுத் திட்டினது என் காதுல விழுந்துச்சு. இன்னும் ஒருத்தருக்காவது குணமானாத்தான் இந்த ஆராய்ச்சி தேறும்னாரு. நான் இந்த வாரத்தோட கணக்கை முடிச்சுக்கறதுன்னு இருந்தேன். போறவன், உன்னையாவது பாஸ் பண்ண வெச்சுட்டுப் போவோம்னு பார்த்தேன் பாப்பா."