அட மயிலாத்தா!

நூற்பாலையில் சேர்ந்த முதல் நாளே வசந்தாமணி அந்தப் பெயரைக் கேட்டாள். இழை அறுந்தால் பெண்கள், “அட மயிலாத்தா!” என்று அலுத்துக்கொண்டார்கள். டிபன் டப்பா கவிழ்ந்தாலும் அதேதான். ஏதோ ஊர்ச்சாமி என்று நினைத்து அவளும் சொல்லப் பழகிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, அந்தச் சாமிக்குக் கோயில் எங்கே என்று அவள் கேட்டதும் பக்கத்து மெஷின் ருக்குமணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சாமியில்லீங்க்கா, இங்க வேலை செய்யற அக்கா. இழை அந்துச்சுன்னா சூப்பர்வைசர் நம்மளப் பெத்தவளச் சேர்த்துத் திட்டுவாரு. ஒருநாள் மயிலாத்தாக்கா மெஷினை நிறுத்திப்போட்டு அவரு முன்னால போய் நின்னுருச்சு. ‘திட்டாம இருக்க முடியலீன்னா எம்பேரைச் சொல்லித் திட்டுங்க சார். ஆத்தாள இழுக்காதீங்க’ன்னு சொல்லிருச்சு. வேலை போச்சுன்னே நெனச்சோம். அடுத்த இழை அந்ததும் நாங்க அத்தனை பேரும் அது பேரைத்தான் சத்தமாச் சொன்னோம்.”

“இப்ப எங்க அவங்க?”

“மகளுக்குப் பிரசவம். திங்கக்கெழமை வந்துரும்.”

திங்கட்கிழமை எதிர் வரிசையில் ஒல்லியான ஒருத்தி, தலையெல்லாம் பஞ்சோடு, இழை கோத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் குனிந்து நிமிர்கையில் மெஷின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

“அட மயிலாத்தா!”

எல்லோருடைய கைகளும் அப்படியே நின்றுவிட்டன. அவள் மட்டும் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“சொல்லுங்க சார்.”

வசந்தாமணியின் மெஷினில் மூன்று இழைகள் அறுந்து தொங்கின. அவள் எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.