வாத்துக் கடையில் விட்டது

"அக்கா, இதுவும் வாத்துக் கடைதான். இறங்கு. ஆனா இந்த லீவுக்கு இதோட போதும், சொல்லிட்டேன்" என்று தம்பி காரை நிறுத்தினார்.

டீச்சர் அக்காவுக்கு வாத்துக்கறி என்றாலே ஆகாது. ஒரு வாய் வைக்க மாட்டாள். ஆனால் பள்ளிக்கு லீவு விட்டால் போதும், தம்பியையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக வாத்து ரோஸ்ட் கடை தேடக் கிளம்பிவிடுவாள். கேட்டால், "ஏதோ ஒரு வாத்துக் கடையில எதையோ விட்டுட்டு வந்துட்டேன்டா. என்னன்னுதான் ஞாபகம் வரல. ராத்திரியெல்லாம் நெஞ்சை அடைக்குது" என்பாள்.

"குடையாத்தான் இருக்கும்" என்றாள் மகள். "இல்லன்னா உன் மூளை."

"வாயைப் பாரு!"

தம்பிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அக்கா தேடுவாள், அவர் சாப்பிடுவார். அவருடைய எரிச்சல் எல்லாம் அந்த டிரைவர் சீட்டின் மேல்தான். ஆறடி ஆளுக்கு அளவெடுத்த மாதிரி பின்னால் போய் இறுகிக் கிடந்தது. எந்த மெக்கானிக் பார்த்தும் அசைந்து கொடுக்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்தால்தான் அவர் கால் பிரேக்குக்கு எட்டும்.

கடைக்குள் கண்ணாடிப் பெட்டியில் வாத்துகள் பளபளவென்று கொக்கியில் தொங்கின. சாப்பிட வேறு ஆளே இல்லை. ஆனால் உள்ளே வேலை செய்ய அத்தனை பேர்! ஒருவர் கோட்டும் டையுமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தோளில் ஹேண்ட்பேக்கோடு பாத்திரம் கழுவினாள். யாரும் யாரோடும் பேசவில்லை.

"என்னக்கா இது, கல்யாணத்துக்குக் கிளம்பினவங்களைப் பிடிச்சு வேலைக்குப் போட்ட மாதிரி இருக்கு" என்று தம்பி சிரித்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்வர் வந்தார். சமையலறை வாசலில் குனிந்து வர வேண்டிய உயரம். என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. வாத்தைத் துண்டு போட்டு வைத்தார். மகளின் துண்டில் மட்டும் தோலை உரித்து எடுத்தார். டீச்சர் முன்னால் வேகவைத்த முட்டையும், தனியாகக் கொஞ்சம் மிளகுத்தூளும் வைத்தார்.

"எனக்கு வாத்து ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றார் சர்வர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்லாவிலிருந்து முதலாளி இருமினார். சர்வர் கப்சிப்பென்று நகர்ந்துவிட்டார்.

"அம்மா, எனக்குத் தோல் பிடிக்காதுன்னும் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்றாள் மகள் மெதுவாக.

டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தாள். இதே மேசை, இதே அடுப்பு வாசனை. இங்கேதான்! எழுந்து நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"ஐயா, நான் இங்க எதையாவது விட்டுட்டுப் போனேனா?"

"போயிருப்பீங்க. நிறைய பேர் விட்டுட்டுப் போறாங்க" என்று முதலாளி சிரித்தார். "என்னதுன்னு மட்டும் சரியாச் சொல்லுங்கம்மா, இப்பவே கையோட அனுப்பி வைக்கிறேன்."

சமையலறையில் எல்லாச் சத்தமும் நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

டீச்சர் வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காரணமே தெரியாமல் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற சர்வர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"குடை... குடையா இருக்குமோ?"

சர்வர் தலையைத் தொங்கப் போட்டார்.

"குடை எதுவும் இல்லையேம்மா" என்றார் முதலாளி.

"வாம்மா, போகலாம். எனக்கு இங்க பிடிக்கல" என்று மகள் பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "மாமா, சீக்கிரம் வாங்க!"

"ஒரே ஒரு துண்டுதான். முடிச்சுட்டு வரேன், போங்க."

சர்வர் பாய்ந்து வந்து தட்டைப் பிடித்தார். "போதும் சார். அதை விட்டுடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன், மிச்சம் வச்சுட்டுப் போங்க."

"என்னய்யா இது அக்கிரமம்! தட்டுல மிச்சம் வச்சா எங்க அக்கா தோலை உரிச்சுடுவா. எங்க வீட்டுல யாருமே மிச்சம் வைக்க மாட்டோம். விடுய்யா!"

தம்பி தட்டைப் பிடுங்கிக் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். முதலாளி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு புது ஏப்ரனை எடுத்து மேசை மேல் போட்டார்.

வெளியே, டீச்சர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், இந்தத் தலையணை ஏதுடி?"

"உன்னோடதுதான். கால் எட்டலன்னு நீதான் வச்சிருப்ப. எப்பவும் நீதானே ஓட்டுற?"

"அதானே" என்று வண்டியிலேயே இருந்த சாவியைத் திருகியவள், கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "இருந்தாலும், ஏதோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்குடி."

"ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா! வண்டியை எடும்மா."

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. கடைக் கதவுக் கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டித் தட்டி "அக்கா! அக்கா!" என்று அலறிக்கொண்டிருந்த தம்பியின் இடுப்பில், சர்வர் மெதுவாக ஏப்ரனைக் கட்டிவிட்டார்.

"கத்தாதீங்க மச்சான், அவளுக்குக் கேட்காது. அன்னிக்கு அந்தக் காரை ஓட்டிட்டு வந்தது நான்தான். உங்க அக்காவுக்குப் பயந்து நானும் தட்டுல மிச்சம் வைக்கல."