தங்கையின் கன்னம்

பெண் பார்க்க வந்தவன் முகத்தில் பருக்கள் இருந்த எழிலரசியை விட்டுவிட்டு, அவள் தங்கை நிறைமதியைப் பிடித்திருக்கிறது என்றான். அதிலிருந்து எழிலரசி நாளுக்குப் பத்துமுறை சோப்புப் போட்டு முகம் கழுவினாள். பருக்கள் இன்னும் கூடின. "நல்ல கிருமியையும் கழுவிக் கொன்னுட்டீங்க," என்ற தோல் மருத்துவர், கூட வந்திருந்த நிறைமதியின் தெளிந்த கன்னத்தைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை எழிலரசியின் முகத்தில் தடவினார். "தங்கச்சியோட நல்ல கிருமி உங்க தோல்ல ஒட்டணும். நாளைக்கு வரைக்கும் தண்ணி படக் கூடாது."

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்னமெங்கும் தங்கை ஊர்வதுபோல் இருந்தது. குழாயடிக்குப் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள்.

"அவன வேணாம்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள் பின்னால் வந்து நின்ற நிறைமதி.

"உன்ன யாரு கேட்டா?"

எழிலரசி திரும்பவில்லை. கை நிறையத் தண்ணீரை அள்ளி முகத்தருகே கொண்டுபோனவள், அதை மெல்லக் குடித்தாள்.