குறைந்த ஆபத்து

"இந்த ஏரிக்கரைக்குக் கீழ யாராவது குடியிருக்காங்களா, மிஸ்டர் காஃப்?" என்று கேட்டாள் டெனிஸ். மாநில அணை ஆய்வாளர்.

"கீழயா? மானும் உண்ணியும்தான் மேடம். ரெண்டும் ஓட்டுப் போடாது" என்றார் பண்ணைக்காரர் ஹார்லன் காஃப்.

அவள் சிரித்துவிட்டாள். ஹார்லனுக்குக் காது சுட்டது.

மே மாதத் தழை கீழே காட்டை அடைத்து மூடியிருந்தது. அவள் கையிலிருந்த, வானிலிருந்து எடுத்த படமோ மூன்று வருஷம் பழையது.

அறுபது வருஷத்துக்கு முன் அப்பா மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை. நாற்பது மாடுகளுக்கு அந்த ஏரித் தண்ணீர்தான்.

கரையின் அடியில் கசிந்த ஈரத்தை டெனிஸ் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கசியுது சார். ஆனா நாங்க போடுற ஆபத்து வகை கரையோட பலத்தைப் பத்தினது இல்ல. உடைஞ்சா கீழ யார் சாவாங்கங்கறதைப் பத்தினது. ஒரே ஒரு வீடு இருந்தாலும் 'அதிக ஆபத்து'தான். கரையைப் புதுசாக் கட்டணும், இல்லாட்டி ஏரியை வடிச்சுடணும்."

ஹார்லனுக்கு அது தெரியும். மூன்று வாரமாக அந்த விதிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் குறியிட்டு, தாளின் நகலைக் கொடுத்தாள். இனி ஐந்து வருஷம் கழித்துத்தான் வருவாளாம்.

கார் போனதும், கரையின் மறுகோடியில் புல்வெட்டும் வண்டி நின்றது. பண்ணையாள் வெர்ன் காதடைப்பைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"என்னண்ணே எழுதிட்டுப் போறாங்க அந்தம்மா?"

ஹார்லன் தாளை மடிக்கப் பார்த்தார். அதற்குள் வெர்ன் எட்டிப் படித்துவிட்டான்.

"குறைந்த ஆபத்து! அடடா, நான் வேற இந்தக் கசிவை நெனச்சு நெனச்சுத் தூக்கம் கெட்டுக் கிடந்தேனே!"

ஹார்லனுக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதுக்குப் பயந்துதாண்ணே பிள்ளைங்களை ரெண்டு வருஷமா அவங்க பாட்டி வீட்டுல விட்டு வெச்சிருந்தேன். இனி என்ன? இன்னிக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் விசிலடித்தபடி கரைச் சரிவில் இறங்கினான். கரைக்குக் கீழே காட்டுக்குள் தழை மறைத்த, சக்கரம் வைத்த அவனுடைய ட்ரெய்லர் வீட்டுக்கு அதுதான் குறுக்குவழி.

"வெர்ன்!" என்று கூப்பிட்டார் ஹார்லன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அங்க ஈரமா இருக்கு. வழுக்கிடும், பாத்துப் போ."